சட்டை போடாத பாட்டாவை எண்ணெய் வண்ணத்தில் வரைவது: முழுமையான வழிகாட்டி

தளர்ந்த கையில், அதாவது பெரிய பிரஷ்ஷும் கொஞ்சத் தொடுகையுமாக, வரைவது என்றால் வேகமாக வரைவது என்று நினைத்துக்கொண்டுதான் முக்கால்வாசிப் பேர் படம் கற்க என் திண்ணைக்கு வருகிறார்கள். வந்ததும் பிரஷ்ஷை வீசி வீசி இழுக்கிறார்கள். ஒரு மணிக்கூர் கழித்துப் பார்த்தால் காது கழுத்துக்கு இறங்கியிருக்கும், தோள் ஒன்று காணாமல் போயிருக்கும். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் கேன்வாஸை வீணாக்கினேன். தொடக்கத்தில் கை இறுக்கமாக அளந்திருந்தால்தான் கடைசியில் வீச முடியும். வரிசையை மாற்றினால் படம் நிற்காது.

கீழே உள்ளது ஒரே ஒரு படத்துக்கான முறை. வயதான ஒருவர் (எங்கள் பேச்சில் பாட்டா, அதாவது தாத்தா), மேலே சட்டை இல்லை, இடுப்பில் சாரம் (லுங்கி), தோளில் ஒரு துவர்த்து (துண்டு), நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியிலிருந்து தலை வரை. மூன்று மணி நேரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம் இன்னொரு நாள்.

1. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

கேன்வாஸ் 16க்கு 20 அங்குலம். இதைவிடச் சின்னதாக எடுத்தால் முகம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும், கை தானாகவே சின்ன பிரஷ்ஷைத் தேடும். அங்கேயே தளர்வு போயிற்று.

வண்ணம் ஐந்து போதும்: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரில் சொல்லப்படும் நாலு வண்ணப் பலகையில் நீலம் கிடையாது, கறுப்புதான் நீலத்தின் வேலையைச் செய்யும். வெளுத்த தோலுக்கு அது அருமையாக வரும். நம்மூர் ஆட்களின் தோளில் வானம் அடிக்கும் நீலப் பளபளப்புக்கு அது போதவில்லை என்பது என் அனுபவம். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கறுப்பு கிடைத்துவிடுவதால், தனியாகக் கறுப்பு டியூப் வேண்டாம். ‘ஃபிளெஷ் டின்ட்’ என்று ரோஸ் நிறத்தில் ஒரு டியூப் விற்பார்கள். அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

பிரஷ்: பன்றிமுடியில் பிளாட் (நுனி நேராக வெட்டிய தட்டை பிரஷ்) 12, பிளாட் 8, ஃபில்பர்ட் (நுனி வளைந்த தட்டை பிரஷ்) 6. கடைசி பத்து நிமிஷத்துக்கு மட்டும் 2ஆம் நம்பர் ஒன்று. அந்த 2ஆம் நம்பரை அடுத்த அறையில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். சிரிப்பார்கள். ஆனால் அது பக்கத்தில் இருந்தால் அரை மணியில் கண் இமை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

டர்பன்டைன் ஒரு பாட்டில், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஒரு சின்ன பாட்டில். லின்சீட் தீர்ந்துபோனது என்று ஒரு பையன் அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துக் கலந்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அது எந்த வீட்டிலும் கைக்கு எட்டும் பொருள் அல்லவா! லின்சீட் காற்றோடு சேர்ந்து இறுகிப் படலமாகும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. அவன் படம் அடுத்த ஓணத்துக்கும் பிசுபிசுவென்றே இருந்தது. வேலை முடிந்து பிரஷ் கழுவத் தேங்காய் எண்ணெய் நல்லது, அப்புறம் சோப்புப் போட்டு முழுக்க எடுத்துவிட வேண்டும்.

துடைக்கப் பழைய சாரத் துணி நிறைய வேண்டும். லின்சீட் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக் கூடியது அது. கொடியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு வீசுங்கள்.

2. முந்தின நாளே கேன்வாஸுக்கு நிறம் கொடுங்கள்

பர்ன்ட் சியன்னாவில் துளி நீலம் விட்டு, டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து, கேன்வாஸ் முழுக்கத் துணியால் தேய்த்து ராத்திரி காயவிடுங்கள். ஈரச் செம்மண் போல ஒரு நடுத்தர நிறம் வந்தால் சரி.

காரணம் இதுதான். வெள்ளைத் தளத்தில் எந்தப் பழுப்பும் அதன் உண்மையான கருமையைவிடக் கருத்துத் தெரியும். பயந்துபோய் வெள்ளையைக் கலப்பீர்கள். கடைசியில் கருத்த மனுஷன் கோதுமை நிறத்தில் உட்கார்ந்திருப்பார்.

3. வடக்கு ஜன்னல் என்று புத்தகத்தில் எழுதியிருந்தால்

நேர்வெயில் படாத, நாள் முழுக்க மாறாத வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வடக்கு ஜன்னலைச் சொல்வார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. கன்னியாகுமரி இருப்பது 8 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பினால் பாட்டாவின் கன்னத்தில் ஒரு வெயில் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் சித்திரையிலிருந்து ஆவணி நடு வரை தெற்கு ஜன்னல், ஐப்பசியிலிருந்து மாசி வரை வடக்கு ஜன்னல். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாரங்களில் எது ஒத்துவருகிறதோ அது. ஓட்டுவீட்டுப் படிப்புரை (முன் திண்ணை) இருந்தால் இன்னும் நல்லது, தாழ்ந்த ஓடு வெயிலைத் தடுத்துவிடும்.

ஒரே ஒரு ஜன்னல். மற்றதைச் சாத்துங்கள், டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டு பக்கமும் வெளிச்சம் வந்தால் மூக்கின் நிழல் இரண்டாகும், எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் வரைந்துவிடுவீர்கள். வெளியே உட்கார்ந்தால் கேன்வாஸ் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்து வரைந்த படத்தை வீட்டுக்குள் கொண்டுபோனால் கரி அடித்தது போல இருக்கும். காற்று வீசும் கணவாய் ஊரான ஆரல்வாய்மொழிப் பக்கம் வரைகிறவர்கள் ஈசலின் (கேன்வாஸைத் தாங்கும் மரச் சட்டத்தின்) நடுவில் ஒரு மணல் பையைக் கட்டித் தொங்கவிடவும். அந்தக் காற்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

4. உட்காருபவரைக் கண்டுபிடிப்பதும் உட்கார வைப்பதும்

ஆட்களுக்கு அவரவர் நேரம் உண்டு. ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள், பின்னேரம் கிடைப்பார்கள். பனை ஏறுகிறவர்களுக்குக் காலையும் மாலையும் மரத்தில், நடுப்பகல்தான் ஓய்வு. குளச்சல் பக்கம் விசைப்படகுக்காரர்கள் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பார்கள், ஆனால் வலை சீர்பண்ணும் வேலை இருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள். மற்ற மாதங்களில் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்த பிறகு.

‘பாட்டா, ஒரு மூணு மணிக்கூர் இருப்பியளா, படம் வரையணும்’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சட்டை இல்லாமல் வரையப்போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், படம் யார் பார்வைக்குப் போகும் என்பதையும். அரை நாள் கூலியைக் கையில் கொடுங்கள், சாயாவோடு நிறுத்தாதீர்கள்.

இருபது நிமிஷம் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் எழுந்து நடக்கட்டும். எழும்புமுன் இரண்டு பாதத்தைச் சுற்றியும், நாற்காலிக் கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுங்கள். உங்கள் காலைச் சுற்றியும் ஒரு கோடு. மாடல் அசைந்ததால் படம் கெட்டது என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன், பத்தில் ஏழு தடவை அசைந்தது வரைகிறவர்தான்.

உடம்பைச் சற்றுத் திருப்பி, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் கொண்டுவாருங்கள். முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம், ஒரு பங்கு நிழல். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நேராக உட்கார வைத்தால் நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் இந்த முறையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

5. மூன்று குட்டிப் படங்கள்

பென்சிலில், தீப்பெட்டி அளவில், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று டோன் மட்டும். கண்ணும் மூக்கும் வரையக் கூடாது. மூன்றில் எது பத்தடி தள்ளி நின்றாலும் ஆள் என்று தெரிகிறதோ அதை எடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பாதியில் ‘தலையை இன்னும் கீழே வைத்திருக்கலாம்’ என்கிறார்கள்.

6. அளவு: இங்கே மட்டும் கறாராக இருங்கள்

சியன்னாவும் நீலமும் கலந்து, டர்பன்டைனில் சாயாத்தண்ணி போலக் கரைத்து, 6ஆம் நம்பரால் கோடு போடுங்கள். எண்ணெய் சேர்க்காதீர்கள். அடியில் எண்ணெய் கூடினால் மேல் பூச்சு முதலில் காய்ந்து, அடி மெதுவாகக் காய, பின்னாளில் வெடிப்பு விழும். கீழே மெலிவு, மேலே கொழுப்பு, அதாவது எண்ணெய் மேல் பூச்சில்தான் கூடலாம்.

மேலே இரண்டு அங்குலம் விட்டு உச்சந்தலையைக் குறியுங்கள். தலை ஐந்து அங்குலம். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிரஷ் காம்பில் கட்டைவிரலால் அளந்து பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். உச்சியிலிருந்து முகவாய் ஒரு தலை. மார்புக் காம்புகள் கிட்டத்தட்ட இரண்டாவது தலை, தொப்புள் மூன்றாவது. தோள் அகலம் இரண்டு தலை நீளத்துக்குக் கொஞ்சம் மேல். இவை இளவட்டங்களுக்கான கணக்கு. வயதானவருக்குக் கழுத்து முன்னே வந்து, முகவாய் தொண்டைக்குழியை மறைக்கும், முதுகு வளையும். கணக்குக்காக அவரை நிமிர்த்திவிடாதீர்கள். கணக்கிலிருந்து அவர் எவ்வளவு விலகுகிறார் என்பதில்தான் அவர் இருக்கிறார்.

எல்லோரும் செய்யும் ஒரு பிழை: கண்ணை மேலே வைப்பது. கண் இருப்பது உச்சிக்கும் முகவாய்க்கும் சரி பாதியில். நெற்றியும் மண்டையும் நமக்குச் சுவாரஸ்யம் இல்லாததால் அவற்றைச் சுருக்கிவிடுகிறோம்.

உடம்பில் எலும்பு தெரியும் இடங்களை முதலில் புள்ளி வையுங்கள்: தொண்டைக்குழி, இரண்டு தோள் முனை, விலாவின் கீழ் வளைவு, இடுப்பெலும்பு. தசை வயதோடு தொங்கும், எலும்பு இடம் மாறாது. இரண்டு தோள் முனையையும் ஒரு கோட்டால் இணைத்தால் அது சாய்ந்திருப்பது தெரியும். அந்தச் சாய்வை விட்டுவிட்டால் ஆள் கடை வாசல் பொம்மை ஆகிவிடுவார். ஜிம் போஸ்டரில் பார்த்த வயிற்றுக் கட்டிகளை எழுபது வயதுக்காரருக்கு வரைந்தவர்களும் உண்டு.

இதற்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். கோணல் இருந்தால் உடனே துருத்திக்கொண்டு தெரியும். இப்போது திருத்துவது ஒரு துணித் துடைப்பு. இரண்டு மணி நேரம் கழித்து என்றால் கத்தி வேண்டும்.

7. நிழல் முழுக்க ஒரே உரு

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கண்குழி, மூக்கின் அடி, கன்னத்தின் இருட்டுப் பக்கம், கழுத்து, நெஞ்சின் ஒரு பக்கம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கரும்பரப்பாகத் தெரியும். ஒரு தீவு போல. அதை 12ஆம் நம்பரால், ஒரே நிறத்தில், மெலிதாக நிரப்புங்கள். உள்ளே போய் கண்ணைத் தேடாதீர்கள்.

நிழலை மெலிதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. தடித்த வண்ணத்தின் மேடுகள் அறை வெளிச்சத்தைப் பிடித்து மினுங்கும். நிழல் மினுங்கினால் நிழலாக இருக்காது.

செம்மண் முற்றமோ கடல் மணலோ பக்கத்தில் இருந்தால் முகவாயின் அடியில் ஒரு எதிரொளி ஏறும். அழகாகத்தான் இருக்கும், அதனாலேயே ஆபத்து. அதைக் கண் பார்க்கிற அளவுக்கு வெளிச்சமாக வைத்தால் முகம் இரண்டாக உடையும். நிழலுக்குள் உள்ள மிக வெளுத்த இடம்கூட, வெளிச்சத்தில் உள்ள மிகக் கருத்த இடத்தைவிடக் கருத்துத்தான் இருக்க வேண்டும்.

8. தோல் நிறத்தை முன்கூட்டியே கலந்து வையுங்கள்

வண்ணம் கலக்கும் பேலட் கத்தியால் ஐந்து குவியல். பூசும்போது கலந்துகொள்ளலாம் என்று விட்டால் ஒவ்வொரு தொடுகைக்கும் தயங்குவீர்கள், தயக்கம் படத்தில் தெரியும்.

ஆழ்ந்த நிழல்: சியன்னா, நீலம், துளி சிவப்பு. வெள்ளை கூடாது. நிழல்: சியன்னா கூடுதல், நீலம் குறைவு. நடுத்தரம்: சியன்னாவும் ஓக்கரும், நுனியளவு சிவப்பு. கருத்த தோலில் நிறம் மிகச் செறிவாக இருப்பது இந்த நடுத்தரத்தில்தான், இதைச் சாம்பலாக்கிவிடாதீர்கள். வெளிச்சம்: ஓக்கர், சியன்னா, கொஞ்சம் வெள்ளை. பளபளப்பு: வெள்ளையில் துளி நீலம், தூசியளவு சியன்னா.

கடைசிக் குவியலில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். நெற்றி மினுங்குகிறதே என்று தோல் நிறத்தில் வெள்ளையைக் கலந்துகொண்டே போனால் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆகும். வியர்த்த தோல் ஒரு கண்ணாடி மாதிரி. அங்கே தெரிவது தோலின் நிறமல்ல, ஜன்னலுக்கு வெளியே உள்ள வானத்தின் நிறம். அதனால் அது குளிர்ந்த சாம்பல் நீலம். சின்னதாக, நாலைந்து இடத்தில் மட்டும்.

இன்னொன்று, ஆண் உடம்பு ஒரே நிறம் கிடையாது. சட்டை போட்டு வெயிலில் அலைகிறவருக்கு முன்கையும் கழுத்தும் கருத்து, மேற்கையும் வயிறும் வெளுத்து மஞ்சளாக இருக்கும். பனை ஏறுகிறவருக்கு முதுகும் நெஞ்சும் சேர்ந்தே கருத்திருக்கும், மரம் உரசிய காய்ப்பு நெஞ்சிலும் முன்கையிலும் மங்கலாகத் தெரியும். எங்கே நிறம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டு குவியலைப் பிரியுங்கள்.

9. பெரிய பிரஷ், கொஞ்சத் தொடுகை

இப்போதுதான் கையைத் தளர்த்தலாம். பிரஷ்ஷைக் காம்பின் நுனியில் பிடியுங்கள், நின்றுகொண்டு வரையுங்கள். பென்சில் மாதிரிப் பிடித்தால் விரல் மட்டும் அசையும், தோளிலிருந்து வீச்சு வராது.

முதலில் பின்புலம், அப்புறம் நிழலை ஒட்டிய நடுத்தரம், கடைசியாக வெளிச்சம். பின்புலத்தை விட்டுவைத்தால் தோலின் டோனை எதோடு ஒப்பிடுவது?

ஒரு தொடுகைக்கு ஒரு நிறம். வைத்ததும் கையை எடுங்கள், பிரஷ்ஷைத் துடையுங்கள், அடுத்ததைத் தொடுங்கள். வைத்த இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் வெளிச்சமும் நிழலும் குழைந்து களியாகும். தொடுகை உடம்பின் வளைவைச் சுற்றிப் போகட்டும்: நெஞ்சில் விலாவைச் சுற்றி, கையில் குறுக்கே. நீளவாக்கில் இழுத்த கை வாழைத்தண்டு போல உருளும். வெளிச்சத்தில் வண்ணம் தடிப்பாக இருக்கலாம்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பத்தடி பின்னால் போங்கள். என் திண்ணை ஆறடிதான். படியிறங்கி முற்றத்துக்குப் போய்விடுவேன்.

10. முகம்

முகத்தைக் கடைசியில் அல்ல, உடம்போடு சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஆனால் இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பிழைகள் குவியும் இடம் இது.

கண்ணைக் கண்ணாக வரையாதீர்கள். குழியை இருட்டாக வையுங்கள், மேல் இமையின் நிழலை ஒரு தொடுகை, கீழ் இமையில் ஈரம் பட்ட ஒரு வெளிச்சப் பொட்டு. வெள்ளை விழியில் வெள்ளை கிடையாது. வயதானவருக்கு அது மங்கின மஞ்சள், இமை நிழலுக்குள் இன்னும் கருக்கும். இதை வெள்ளையாக வைத்தால் பாட்டா பயந்துபோன மாதிரி முழிப்பார்.

மூக்கின் அடியும் காதும் மற்ற இடத்தைவிடச் சிவப்பு. கன்னம், முகவாயில் சவரம் செய்த இடம் பச்சை கலந்த சாம்பலாக இருக்கும். நீலமும் ஓக்கரும் கலந்து, ஈரமான தோல் வண்ணத்தின் மேல் உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றுங்கள். இந்த ஒரு சாம்பல் இல்லாததால்தான் புதியவர்கள் வரையும் ஆண் முகம் பவுடர் போட்ட மாதிரி வருகிறது.

மீசை ஒரு கட்டி. அதற்கு வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் உண்டு. நரைத்த மீசையின் நிழல் பக்கம் நீலச் சாம்பல், தூய வெள்ளை ஒரு நுனியில் மட்டும். முடி முடியாக இழுத்தால் துடைப்பம். உதட்டில் மேலுதடு கீழ்நோக்கி இருப்பதால் கருக்கும், கீழுதடு வெளிச்சம் பிடிக்கும், ஓரங்கள் மங்கும். வெற்றிலைக்காரர் என்றால் சிவப்பைக் கஞ்சத்தனமாகத் தொடுங்கள்.

சாயல் வரவில்லை என்றால் கண்ணைத் திருத்தாதீர்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து பாருங்கள், பிசகு அங்கேதான் இருக்கும்.

11. கையும் துணியும்

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை கை, முகவாயிலிருந்து நெற்றி நடு வரையுள்ள நீளம். புதியவர்கள் பயத்தில் சின்னதாக்குவார்கள். விரல்களை முதலில் ஒரே பட்டையாக, அப்புறம் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். ஐந்தையும் தனித்தனியாக வரைய வேண்டிய படம் இதல்ல.

சாரத்தில் கட்டம் எண்ணாதீர்கள். மடிப்பை ஒரே நிறத்தில் போட்டுவிட்டு, வெளிச்சம் விழும் தொடையில் மட்டும் மூன்று நாலு கோடு. துவர்த்து வெள்ளைதான், ஆனால் முகத்தைவிட அது கத்தக் கூடாது. சாம்பல் கலந்து அடக்குங்கள்.

12. விளிம்புகளை ஈரம் இருக்கும்போதே

தளர்ந்த படம் என்று பார்ப்பவர் சொல்வது பெரும்பாலும் விளிம்பைப் பார்த்துத்தான். நிழல் பக்கத் தோள் பின்புல இருட்டில் கரையட்டும், தலைமுடி கரையட்டும், துவர்த்தின் ஒரு முனை கரையட்டும். உலர்ந்த பிளாட்டை இரண்டு நிறத்துக்கும் குறுக்கே ஒரு முறை இழுத்தால் போதும், விரலாலும் செய்யலாம். வெளிச்சப் பக்கக் கன்ன எலும்பு, மூக்கு நுனி, ஒரு காலர் எலும்பு என நாலைந்து இடம் மட்டும் கூர்மை.

வண்ணம் காய்ந்த பிறகு இது முடியாது. அதனால் முதல் நாள் எழும்புமுன் செய்துவிட வேண்டிய வேலை. எல்லா விளிம்பையும் குழைத்தால் குளியலறைக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் எண்ணெய்ப் படங்கள் இருக்கின்றன. அவர் கை நம் கையைப் போல் தளர்ந்ததல்ல. இருந்தாலும் நாகர்கோவிலிலிருந்து ஒரு நாள் போய், முடி நெற்றியைத் தொடும் இடத்தில் விளிம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். போன் திரையில் அது தெரியாது.

13. இரண்டாம் நாள், சுரண்டுவது, காயவைப்பது

ஓரிரு நாளில், அதே நேரம், அதே சாக்பீஸ் கோடு. இப்போது வண்ணத்தில் துளி லின்சீட் சேர்க்கலாம். பளபளப்புகளை வையுங்கள், நிழலில் தப்பான டோனைச் சரிசெய்யுங்கள், கடைசியாக அடுத்த அறையிலிருந்து 2ஆம் நம்பரைக் கொண்டுவாருங்கள். பத்து நிமிஷம். கடிகாரம் பார்த்துக் கீழே வையுங்கள்.

முகம் இடம் தப்பியிருந்தால் பொட்டுப் பொட்டாக ஒட்டு வேலை செய்யாதீர்கள். கத்தியால் தலையை முழுக்கச் சுரண்டுங்கள். மனசு கேட்காதுதான். சுரண்டிய இடத்தில் ஒரு மங்கின நிழலுரு மிஞ்சும், அதன்மேல் இருபது நிமிஷத்தில் வரும் இரண்டாவது முகம் அநேகமாக முதலாவதைவிட நன்றாக இருக்கும்.

நமக்கு மழை வருஷத்தில் இரண்டு தடவை. அந்த மாதங்களில் படம் காய நாளாகும், கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல், இரண்டு மரத்துண்டு வைத்து இடைவெளி விடுங்கள். பீரோவுக்குள் பூட்டாதீர்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாமல் லின்சீட் மஞ்சளிக்கும்.

வார்னிஷ் ஆறு மாதம் கழித்து. அதற்குள் பாட்டா வந்து பார்த்துவிட்டு, ‘மீசை கொஞ்சம் கறுப்பா வச்சிருக்கலாம் மக்கா’ என்பார். தலையாட்டிவிட்டு, படத்தை ஒரு போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.